விமான நிறுவனத்துக்கு வெளியே விமானி வேலை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வணிக விமானி உரிமம் கைக்கு வரும் நாளில் பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக்புக்கில் பலருக்கும் 200 முதல் 250 மணி நேரம்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு பெரிய விமான நிறுவனத்தின் அழைப்புக்காகக் காத்திருப்பது ஒரு வழி. பயிருக்கு மருந்து தெளிப்பது, வரைபடத்துக்கு வான்படம் எடுப்பது, பாராசூட் வீரர்களை மேலே கொண்டுபோய் விடுவது, எஞ்சின் இல்லாத கிளைடரை விமானத்தால் இழுப்பது, விற்ற விமானத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் ஒப்படைப்பது, பறக்கக் கற்றுக்கொடுப்பது என்று வேறு வழிகளும் இருக்கின்றன. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ, விவசாயம், படம் எடுத்தல், நில அளவை, ரோந்து, தேடுதல் மீட்பு, வான்வழி விளம்பரம் போன்றவற்றை ‘வான்வழிப் பணி’ என்று தனி வகையாகவே வைத்திருக்கிறது.

நிறுவன விமானிக்கு வானிலை பார்த்துத் தர ஒருவர், எடைக் கணக்குப் போட ஒருவர், எரிபொருள் அளவைச் சரிபார்க்க ஒருவர், பக்கத்து இருக்கையில் ஒருவர் என்று ஆட்கள் உண்டு. இந்த வேலைகளில் பெரும்பாலும் அத்தனை பேரும் நீங்களேதான். விமானத்தை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். மற்ற நால்வரின் வேலையையும் அவசரமில்லாமல், யாரும் கேட்காமலே செய்கிறவர்தான் இந்தத் துறையில் நிலைக்கிறார்.

முதலில் காகிதங்கள்

பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். நிறப்பார்வையிலோ இதயத் துடிப்புப் பதிவிலோ சிக்கல் இருந்தால் அது முதல் நாளே தெரிய வேண்டும், 150 மணி நேரம் பறந்த பிறகு அல்ல. சான்றிதழ் பொதுவாக 12 மாதம் செல்லும். 40 வயதைத் தாண்டியவர் தனி விமானியாகப் பயணிகளை வணிக ரீதியில் ஏற்றிச் சென்றால் ஐசிஏஓ அளவுகோலின்படி 6 மாதம்தான்.

வணிக உரிமத்துக்கு ஐசிஏஓ வைத்திருக்கும் குறைந்தபட்சம் 18 வயது, 200 மணி நேரம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி என்றால் 150. அதில் 100 மணி நேரம் (தொடர் பயிற்சியில் 70) நீங்களே பொறுப்பு விமானியாக இருந்திருக்க வேண்டும். 20 மணி நேரம் நெடுந்தூரப் பறத்தல் வேண்டும். அதில் ஒரு பயணம் குறைந்தது 300 கடல் மைல், வழியில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று கிளம்பியிருக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் கருவிப் பறத்தல் பயிற்சி 10 மணி நேரம். நாடுகள் இதற்கு மேலே கூட்டிக்கொள்வதுண்டு. அமெரிக்காவின் ஒரு வழித்தடத்தில் 250 மணி நேரம் கேட்கிறார்கள்.

உரிமத்துக்கு மேல் எதைச் சேர்ப்பது? கருவிப் பறத்தல் தகுதி எங்கும் உதவும். அதற்கு அடுத்தபடியாக, இரட்டை எஞ்சின் தகுதிக்கு முன்பே மூன்றாவது சக்கரம் மூக்குக்குப் பதில் வாலில் இருக்கும் வால்சக்கர விமானத்தில் பத்துப் பதினைந்து மணி நேரம் பறந்துவிடுங்கள். கிளைடர் இழுக்கும் விமானங்களில் பலவும், மருந்து தெளிக்கும் விமானங்கள் ஏறக்குறைய எல்லாமும் வால்சக்கரம்தான். இவற்றில் எடை மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் ஓடும்போது மூக்கு கொஞ்சம் விலகினாலும் அந்த விலகல் தானாகவே வளரும். விமானம் சுழன்று இறக்கை தரையைத் தொடும் வரை நிற்காது. கால்கள் மூக்கை இடம்வலம் திருப்பும் ரடரில் இடைவிடாமல் வேலை செய்யும் பழக்கம் அப்போதுதான் வரும். சக்கரம் நின்று, விமானம் கயிற்றால் கட்டி நிறுத்தப்படும் வரை அந்தக் கால்கள் ஓயக் கூடாது.

ஒரு சட்டக் குழியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தனியார் உரிமத்தில் சம்பளத்துக்குப் பறக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வணிக உரிமம் இருந்தாலும், பொதுமக்களைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்ல விமானத்தை இயக்குகிறவரிடம் ‘வான் இயக்குநர் சான்றிதழ்’ இருக்க வேண்டும். “இவங்க எல்லாம் ஓனரோட நண்பர்கள், பெட்ரோலுக்குத்தான் காசு கொடுக்கறாங்க, நீங்க வந்து ஓட்டினா போதும்” என்று ஒருவர் அழைத்தால், சான்றிதழ் எண்ணைக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விலகிவிடுங்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரர் கையை விரிப்பார், உரிமமும் போகும்.

முதல் வேலைகள்

200 மணி நேரக்காரருக்குத் திறக்கும் கதவுகள் மூன்று: பயிற்றுநர், பாராசூட் விமானம், கிளைடர் இழுவை.

பயிற்றுநர் வேலைதான் மூன்றிலும் அகலமான கதவு. ஐரோப்பிய விதியில் புதிய பயிற்றுநர் ஒரு மூத்தவரின் மேற்பார்வையில்தான் தொடங்க முடியும். 100 மணி நேரம் கற்பித்து, மாணவர்களின் 25 தனிப் பறத்தல்களை மேற்பார்த்த பிறகே அந்தக் கட்டுப்பாடு விலகும். விதி கேட்காத நாட்டிலும் இதே முறையை நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மாணவரின் பிழையைத் திருத்தக் காத்திருக்கும் நேரத்தைத் தவறாகக் கணிப்பது. 3,000 அடியில் பத்து நொடி காத்திருக்கலாம். தரைக்கு மேல் ஐந்து அடியில் ஒரு நொடிகூடக் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் முன்பு, எந்த உயரம், எந்த வேகம், எவ்வளவு சாய்வு தாண்டினால் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வீர்கள் என்று எண்ணாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு கைமாறும்போது மூன்று முறை சொல்லப்பட வேண்டும்: வாங்குகிறவர் சொல்ல, கொடுக்கிறவர் ஒப்புக்கொள்ள, வாங்கியவர் மீண்டும் உறுதி செய்ய. இருவரும் ஓட்டுவதாகவோ இருவரும் ஓட்டாமலோ இருக்கும் அந்த இரண்டு நொடிதான் ஆபத்து.

பாராசூட் விமானத்தில் வேலை ஒரே மாதிரியாகத் தோன்றும்: ஏறு, விடு, இறங்கு. செஸ்னா 182 என்ற சிறு விமானம் என்றால் நான்கைந்து பேர், பெரிய காரவான் என்றால் பதினைந்துக்கு மேல். குதிப்பது பெரும்பாலும் 13,000 அடி அளவில். அமெரிக்க விதியில் 12,500 அடிக்கு மேல் 30 நிமிடத்தைத் தாண்டினால் விமானிக்கு ஆக்சிஜன் வேண்டும், 14,000 அடிக்கு மேல் எல்லா நேரமும் வேண்டும். ஒரே நாளில் இருபது முறை ஏறி இறங்கும்போது, கணக்கில் வராத களைப்பு மாலையில் தலைவலியாக வரும்.

இந்த வேலையில் தவறு நடக்கும் இடங்கள் நான்கு. கதவருகே கூட்டம் கூடினால் எடை மையம் பின்னால் போய் மூக்கு மேலேறும், வேகம் விழும், இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வரும். கதவருகே ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று விமானக் கையேட்டின் இணைப்பில் இருக்கும். அதை ஏறும் முன்பே சொல்லுங்கள், அவர்கள் வெளியே ஏறும்போது மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள். இரண்டாவது, கதவு திறந்திருக்கையில் ஒருவரின் பாராசூட் தப்பித் தவறித் திறந்து வாலில் சிக்குவது. ஏறும் முன் பாராசூட் பையின் ஊசிகளையும் கைப்பிடிகளையும் பார்ப்பது அவர்கள் வேலை. பார்த்தார்களா என்று கேட்பது உங்கள் வேலை. நீங்களும் ஒரு அவசரப் பாராசூட் மாட்டியிருங்கள். மூன்றாவது, எரிபொருள். சீக்கிரம் ஏற வேண்டும் என்று குறைவாகவே நிரப்புவார்கள். ஒரு சுற்றுக்கு எவ்வளவு எரிகிறது என்று அளவுகுச்சியால் அளந்து, ஒவ்வொரு சுற்றையும் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். எரிபொருள் முள்ளை நம்பாதீர்கள். நான்காவது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை ஏற்றுவது. காற்றாடிப் பக்கம் யாரும் வராதபடி தரையில் ஒருவர் நிற்காவிட்டால் எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

இறங்கும்போது எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை ஒரேயடியாக மூடினால் பிஸ்டன் எஞ்சினின் சிலிண்டர் திடீரென்று குளிர்ந்து விரிசல் விடும் என்பார்கள். எவ்வளவு உண்மை என்று மெக்கானிக்குகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. படிப்படியாகக் குறைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை, அதனால் அப்படியே செய்யுங்கள்.

கிளைடர் இழுவையில் கையில் எப்போதும் ஒன்று தயாராக இருக்க வேண்டும்: கயிற்றை விடுவிக்கும் பிடி. பின்னால் வரும் கிளைடர் அளவுக்கு மீறி மேலே எழும்பினால் கயிறு உங்கள் வாலைத் தூக்கும், மூக்கு தரையைப் பார்க்கும், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை முழுவதும் இழுத்தாலும் எழாது. சில நொடிகளில் நடந்து முடியும் இது தரைக்கு அருகில் நடந்தால் மீள உயரம் மிஞ்சாது. யோசிக்காமல் விடுவியுங்கள். சைகைகள் இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: நீங்கள் இறக்கைகளை ஆட்டினால் “உடனே கழற்று”, ரடரை ஆட்டினால் “உன் காற்றுத்தடுப்பு திறந்திருக்கிறது, பார்” என்று பொருள். இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டு, தடுப்பு திறந்த நிலையிலேயே தாழ்வாகக் கழற்றிக்கொண்ட கிளைடர்கள் விபத்தில் முடிந்ததுண்டு.

நில அளவை, ரோந்து

300 முதல் 500 மணி நேரம் சேர்ந்ததும் இந்தப் பக்கம் வாய்ப்புகள் வரும். வேலை பொறுமைக்கானது. வான்படத்தில் அடுத்தடுத்த படங்கள் 60 சதவீதமும், பக்கத்துப் பாதைகள் 30 சதவீதமும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்பது பழைய, இன்றும் பயன்படும் அளவு. ஒரு படம் 1,000 மீட்டர் அகலம் பிடித்தால் பாதைகளுக்கு இடையே 700 மீட்டர். பறக்கும் திசையில் 800 மீட்டர் பிடித்தால் 320 மீட்டருக்கு ஒரு படம். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய ஐந்து நொடிக்கு ஒன்று. பாதையை விட்டு விலகினால் நடுவில் வெற்றிடம் விழும், அந்தப் பாதை முழுவதையும் மறுபடி பறக்க வேண்டும். பாதை முடிந்து திரும்பும்போது சாய்வை 20 பாகைக்குள் வைத்திருங்கள். அதிகம் சாய்த்தால் இறக்கை செயற்கைக்கோள் சிக்னலை மறைத்து, இடங்காட்டும் கருவியின் கணக்கு அறுந்துபோகும். படக்கருவியை இயக்கும் ஆபரேட்டர் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

குழாய்த்தடம், மின்தடம் பார்க்கும் ரோந்தில் ஒரே கட்டளைதான்: விமானி வெளியே பார்த்து ஓட்டட்டும், குழாயைப் பார்ப்பவர் வேறொருவராக இருக்கட்டும். கசிவைப் பார்த்த ஆர்வத்தில் தாழ்வாக, மெதுவாக அதையே சுற்றிச் சுற்றித் திரும்பும்போதுதான் ஸ்டால் வருகிறது. 45 பாகைச் சாய்வில் ஸ்டால் வேகம் 19 சதவீதமும் 60 பாகையில் 41 சதவீதமும் கூடும்.

மருந்து தெளிப்பு

இந்தத் தொழிலுக்கு நூறு வயதாகிவிட்டது. 1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி, கர்ட்டிஸ் ஜேஎன்-6 விமானத்தில் இருந்து புழு அரித்த மரத்தோப்பின் மேல் ஈய ஆர்சனேட் தூவியதுதான் தொடக்கம். இன்று ஏர் டிராக்டர் ஏடி-802 ஒரே சுமையில் சுமார் 3,000 லிட்டர் தூக்குகிறது.

இதற்குள் நுழையும் வழி விமானி இருக்கையில் தொடங்குவதில்லை. ஒன்றிரண்டு பருவம் தரையில் மருந்து கலந்து, ஏற்றி, குழாய் கழுவி, வயல் வரைபடம் படிக்க வேண்டும். புதியவர்கள் பலர் இதை அவமானமாக நினைத்து ஓடிவிடுகிறார்கள். உண்மையில், எந்த மருந்து எதோடு கலந்தால் கட்டியாகும், எந்தத் தெளிப்பு முனை எப்போது அடைக்கும் என்பதெல்லாம் அங்கேதான் கைக்கு வரும். பாஸ்பரஸ் சார்ந்த பூச்சிமருந்துகளைக் கையாளுகிறவர் பருவம் தொடங்கும் முன்பே ரத்தத்தில், இந்த மருந்துகள் குறைத்துவிடும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அளவு குறைந்தால் ஒப்பிட அடிப்படை வேண்டும்.

கணக்கு எளிது. ஹெக்டேருக்கான லிட்டர், மணிக்கு கிலோமீட்டர் வேகம், தெளிப்பு அகல மீட்டர் மூன்றையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் பாய வேண்டும் என்பது வரும். ஹெக்டேருக்கு 30 லிட்டர், 240 கிலோமீட்டர், 20 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 240 லிட்டர். 3,000 லிட்டர் பன்னிரண்டரை நிமிடத்தில் தீரும், 100 ஹெக்டேரை மூடும். எங்காவது பிசகியிருந்தால் பாதி வயலிலேயே தொட்டி காலியாகும் அல்லது மிஞ்சும். முதல் சில வரிசைகளுக்குப் பிறகு மீதி அளவைப் பார்த்துவிடுங்கள்.

வயலுக்கு வந்ததும் தெளிக்கத் தொடங்காதீர்கள். உயரத்தில் ஒரு முறை, கொஞ்சம் தாழ ஒரு முறை சுற்றுங்கள். கம்பியைத் தேடாதீர்கள், கம்பி கண்ணுக்குத் தெரியாது. கம்பங்களைத் தேடுங்கள். கம்பம் போகும் வரிசை, வரிசை திரும்பும் மூலை, தனியாக ஒரு கிணற்று மோட்டாருக்கோ வீட்டுக்கோ பிரியும் கிளை. கடக்க வேண்டியிருந்தால் கம்பத்துக்கு நேர் மேலே கடங்கள். உச்சி எங்கே என்று தெரியும் ஒரே இடம் அதுதான். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு கம்பி விபத்துகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் அந்தக் கம்பி அங்கே இருப்பது விமானிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. மறதிதான் காரணம். வயலின் கடைசித் துண்டை முடிக்கும்போது, திட்டத்தை நடுவில் மாற்றும்போது, கைப்பேசி அடித்த பிறகு அது வரும். திட்டம் மாறினால் மேலே ஏறி மறுபடி ஒரு சுற்று.

வரிசை முடிந்ததும் இறக்கை மட்டமாகவே நேராக ஏறி, வேகமும் உயரமும் கிடைத்த பின் காற்று போகும் பக்கம் கொஞ்சம் திரும்பி, பிறகு காற்றை எதிர்த்து வளைந்து அடுத்த வரிசைக்கு வர வேண்டும். முதல் சுற்றுகளில் தொட்டி நிறைந்திருக்கும். தொட்டி காலியான கடைசிச் சுற்றில் பழகிய அதே வளைவு அப்போது ஸ்டால் ஆகும். எஞ்சின் தடுமாறினால் முதல் வேலை சுமையைக் கொட்டும் பிடியை இழுப்பது. டேக்-ஆஃபின்போது கை அதற்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

மருந்து பக்கத்து வயலுக்குப் போவதுதான் இந்தத் தொழிலின் வழக்குகளில் பலவற்றுக்குக் காரணம். சுமார் 150 மைக்ரானுக்கும் சிறிய துளிகள் காற்றோடு போய்விடும். தெளிப்புக் குழாயை இறக்கையின் முக்கால் பங்கு நீளத்துக்குள் வைத்தால் இறக்கை நுனிச் சுழலில் சிக்காது. காற்று போகும் பக்கத்து ஓரத்தில் தொடங்கி, காற்று வரும் பக்கமாக நகருங்கள். சொந்த மருந்துக்குள்ளேயே பறக்க வேண்டியிராது. காற்றே இல்லாத அதிகாலை நல்ல நேரம் என்று தோன்றும், அது பொய். தரையருகே குளிர்ந்த காற்று தேங்கி மேலே சூடான அடுக்கு மூடியிருக்கும் அந்த நேரத்தில், நுண்துளிகள் கீழே விழாமல் மிதந்து கிலோமீட்டர் கணக்கில் நகரும். புகைக்கருவியை ஒரு முறை ஊதிப் பாருங்கள். புகை கலையாமல் படலமாகத் தொங்கினால் காத்திருங்கள்.

விமானத்தைக் கொண்டுபோய் ஒப்படைப்பது

சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோவதில் திறமையில் பாதி கணக்குதான். கட்டாய இருப்பை ஒதுக்கிய பிறகு 12 மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது, போகும்போது தரைவேகம் 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்), திரும்பினால் 90 என்று வைத்துக்கொள்வோம். திரும்ப முடியாத புள்ளி: 12-ஐ 90-ஆல் பெருக்கி, 110-ம் 90-ம் கூட்டிய 200-ஆல் வகுக்க, 5.4 மணி நேரம், அதாவது 594 கடல் மைல். இது எரிபொருள் சார்ந்த புள்ளி. எஞ்சின் கோளாறு வந்தால் பார்க்க வேண்டியது வேறொன்று: முன்னே போவதும் திரும்புவதும் ஒரே நேரம் பிடிக்கும் புள்ளி. மொத்தம் 700 கடல் மைல் என்றால் அது 315-இல் வரும். பின்காற்று வீசும்போது பாதி வழிக்கு முன்பே அந்தப் புள்ளி தாண்டிவிடும். கிளம்பும் முன் இரண்டையும் வரைபடத்தில் குறித்து, பறக்கும்போது உண்மையான காற்றை வைத்து மணிக்கொரு முறை திருத்துங்கள்.

உள்ளே கூடுதல் தொட்டி பொருத்தினால் எடை வழக்கமான வரம்பைத் தாண்டும். அதற்குச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். தொட்டி பொருத்திய உடனே கடலுக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் மாற்றி மாற்றி, நிலத்துக்கு மேல் சில மணி நேரம் பறந்து பாருங்கள். சில எஞ்சின்களில் எரியாமல் மிஞ்சும் எரிபொருள் இறக்கைத் தொட்டிக்குத் திரும்பி வரும். அந்தத் தொட்டி நிறைந்திருக்கும்போது கூடுதல் தொட்டியைத் திறந்தால், திரும்பி வருவது காற்றுத்துளை வழியாக வெளியே கொட்டும். கணக்கில் இருக்கும் எரிபொருள் கடலில் இருக்கும். குளிர்கடல் என்றால் நீர்புகா உடையை முழுவதும் மாட்டிக்கொண்டே பறங்கள். எஞ்சின் நின்ற பிறகு அதை மாட்ட முடியாது.

சிறு ஓடுதளங்கள்

இந்த வேலைகள் எதுவாயினும் ஒருநாள் புல்தரையில் நிற்பீர்கள். கையேட்டில் டேக்-ஆஃப் தூரம் 400 மீட்டர் என்று இருக்கலாம். பிரிட்டன் சிவில் விமான ஆணையம் தந்திருக்கும் எளிய பெருக்கங்களைப் போட்டுப் பாருங்கள்: உயரம் ஒவ்வொரு 1,000 அடிக்கும் 10 சதவீதம், வெப்பம் ஒவ்வொரு 10 பாகைக்கும் 10, குட்டையான உலர்ந்த புல்லுக்கு 20, ஈரப்புல்லுக்கு 30, இரண்டு சதவீத ஏற்றத்துக்கு 10, கடைசியில் பாதுகாப்புக்காக 1.33 மடங்கு. தளம் 2,000 அடி உயரத்தில், 10 பாகை கூடுதல் வெப்பத்தில், உலர்ந்த புல்லில் இருந்தால் அந்த 400 மீட்டர் 850 ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும், கூட்டக் கூடாது. ஓடுதளத்தைக் காலால் நடந்து அளந்து, பாதியில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்காவிட்டால் த்ராட்டிலை மூடுங்கள்.

ஆம்புலன்ஸ் விமானம், தனியார் ஜெட்

இவை முதல் வேலைகள் அல்ல. ஆம்புலன்ஸ் பறத்தலில் இரவும் மோசமான வானிலையும் அவசரமும் ஒன்றாகச் சேரும். நல்ல இயக்க நிறுவனங்கள், பறக்கலாமா வேண்டாமா என்று விமானி முடிவெடுக்கும் வரை நோயாளியின் வயதையோ நிலையையோ அவரிடம் சொல்வதில்லை. குழந்தை என்று கேட்டால் மேகத்தின் அளவு மாறித் தெரியும். குழுவில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றால் பயணம் இல்லை. வேலை கேட்டுப் போகும் இடத்தில் இந்த இரண்டு வழக்கமும் உண்டா என்று விசாரியுங்கள்.

தனியார் ஜெட் வேலையில் பறப்பதைவிடக் காத்திருப்பதே அதிகம். பெட்டி ஏற்றுவது, உணவு வரவழைப்பது, கேபின் துடைப்பது எல்லாம் விமானிக்கே வரும். குறிப்பிட்ட ஜெட் வகையை ஓட்டுவதற்கான வகைத் தகுதிப் பயிற்சியை முதலாளி கொடுத்தால் ஒப்பந்தப் பத்திரம் நீட்டுவார். எத்தனை மாதம், நடுவில் விலகினால் தொகை மாதாமாதம் குறையுமா, அவர்களே வேலையை விட்டு நிறுத்தினால் யார் கட்டுவது என்ற மூன்றும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

நேர்காணலுக்குப் போனால் விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். மறுக்கிற இடம் வேண்டாம். பதிவேட்டில் குறைகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வருடம் முழுவதும் ஒரு குறைகூட எழுதப்படாத விமானம் நல்ல விமானம் அல்ல. அங்கே எழுதுகிறவர்களை யாரோ தடுக்கிறார்கள். முன்பு அந்த வேலையில் இருந்தவர் எங்கே போனார், ஏன் போனார் என்று கேளுங்கள். முடிந்தால் அவரோடு பேசுங்கள். சம்பளம் பறந்த மணி நேரத்துக்கு மட்டும் என்றால், வானிலை சரியில்லாத நாளில் நீங்கள் சொல்லும் “முடியாது” உங்கள் பையிலிருந்தே போகிறது. குறைந்தாலும் மாதச் சம்பளம் இருக்கும் இடத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லாக்புக்கில் விமான வகை, வால்சக்கரம், இரவு, கருவி, தனி விமானி என்று ஒவ்வொன்றையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். அடுத்த முதலாளியின் காப்பீட்டுக்காரர் மொத்த மணி நேரத்தைக் கேட்பதோடு நிற்க மாட்டார். “இந்த வகையில் எத்தனை?” என்பார். பக்கம் முடியும்போதெல்லாம் கூட்டிச் சரிபார்த்து, ஒரு படியெடுத்து வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.